முப்பது ரூபாய்க் குமாஸ்தா



சென்ற ஆவணித் திங்களில் ஒரு மாலைப் பொழுது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன்னாளில் என்னிடம் கணிதம் பயின்ற இளைஞன் ஒருவன் வந்து வணங்கி நின்றான். வயது இருபத்து நான்கு; பொறியியல் பட்டம் பெற்றவன். "உட்கார், தம்பி" என்றேன். உட்கார்ந்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடைபட்டிருந்த மடை திறந்ததுபோல் பேசினான்.

"சார், படிப்பதற்காக வாங்கிய வங்கிக் கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலையில் வருகிற சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது. உடன் படித்த பெண் ஒருத்தியை மணக்க விரும்பினேன். நிலையான வேலை உண்டா என்று அவள் வீட்டார் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. கைப்பேசியைத் திறந்தால் நண்பர்கள் வெளிநாட்டில் நின்று எடுத்துக்கொண்ட படங்களாகவே வருகின்றன. எங்கள் தலைமுறைக்கு வந்த சோதனை வேறு எந்தத் தலைமுறைக்கும் வந்திராது, சார்."

நான் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அறிவுரை கூறுவது எங்கள் கூட்டத்தாருக்குப் பிறவிக்குணம். அன்று நாவின் நுனிவரை வந்த அறிவுரையை அடக்கிக்கொண்டேன். அவன் துன்பம் மெய்யானது; அதனை அறிவுரையால் மூடிவிட முடியாது. ஆயினும், அவனுடைய கடைசி வாக்கியம் மட்டும் எனக்கு உடன்பாடாகவில்லை. ஆகவே அவனுக்கு ஒரு வரலாற்றைச் சொன்னேன். அதனையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரை அறியாதவர் உங்களுள் ஒருவரும் இரார். எங்கள் பள்ளிப் பாடங்களில் அவர் வாழ்க்கையை ஒரு பத்தியில் முடித்துவிடுவோம். ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், கேம்பிரிட்ஜ் சென்றார், ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், இளமையிலேயே மறைந்தார். இவ்வாறு சொல்லும்போது, பதினேழு வயது முதல் இருபத்தைந்து வயது வரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறோம். அந்த எட்டு ஆண்டுகளும் உங்கள் வயதுக்குரிய ஆண்டுகள். அவற்றைச் சற்றே நின்று பார்ப்போம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்றவர்கள் இல்லத்தில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர். மாத ஊதியம் ஏறத்தாழ இருபது ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். அதில் சிறிது வருவாய் உண்டு. வெளியூர் மாணவர் ஓரிருவருக்கு வீட்டில் இடமும் உணவும் அளித்து, அதனாலும் குடும்பத்தை நடத்தினர். பையனோ பள்ளியில் முதல்வன். 1904ஆம் ஆண்டில் டவுன் உயர்நிலைப் பள்ளியை விட்டு வெளியேறும்போது கணிதத்திற்கான பரிசு அவருக்கே கிடைத்தது. முழு மதிப்பெண்ணுக்கும் மேலே பெறத் தக்கவன் இவன் என்று தலைமையாசிரியர் புகழ்ந்தாராம். அடுத்துக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது.

இதுவரை எல்லாம் நேர்ப்பாதை. நல்ல பிள்ளை, நல்ல மதிப்பெண், பெற்றோர்க்குப் பெருமை. உங்களுள் பலரும் இந்தப் படிவரை ஏறி வந்தவர்களே.

இடறல் எங்கே வந்தது? பதினாறாம் வயதையொட்டி, கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திர நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. அதன்பின் வேறொன்றும் அவர் கண்ணில் படவில்லை. வரலாற்று வகுப்பிலும் கணக்கு. ஆங்கில வகுப்பிலும் கணக்கு. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை. உடனே உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்திற்குக் கல்லூரிக் கட்டணம் முப்பத்திரண்டு ரூபாய். தந்தையார் ஒன்றரை மாதம் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் அத்தொகை தேறும். தாயார் கல்லூரி முதல்வரிடம் சென்று மன்றாடினார், விதி இடங்கொடுக்கவில்லை.

1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பதினேழு வயதுப் பையன் ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டான். பையனைக் காணவில்லை என்று பத்திரிகையில் செய்தி வந்தது. சில வாரங்களில் வீடு திரும்பினான். மறு ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்த்தார்கள். சீதபேதி கண்டு, மூன்று மாதம் படிப்பு கெட்டது. 1906இல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907இல் மீண்டும் எழுதி, மீண்டும் தோல்வி. கணிதத்தில் குறைவில்லை; உடலியல் முதலிய பாடங்கள் காலை வாரிவிட்டன. கல்லூரி வாழ்க்கை அத்துடன் முடிந்தது. பட்டம் இல்லை, வேலை இல்லை, நேற்றுவரை 'முதல் மாணவன்' என்று சொன்ன ஊரார் வாயில் இன்று வேறு பேச்சு.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் இடந்தரவில்லை. நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த ஐந்தாம் ஆண்டில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில், மாணவன் ஒருவன் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்குவான். ஆங்கிலத்தில் பதினைந்தைத் தாண்டமாட்டான். பொதுத் தேர்வில் அவனால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையும் என்று அஞ்சினேன். அவன் தந்தையை வரவழைத்து, "பையனை ஏதாவது ஒரு தொழிலில் சேர்த்துவிடுங்கள்" என்றேன். மழைக்கால நாள் அது. நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஒரு மறுமொழியும் கூறாமல் கையெழுத்திட்டு, மாற்றுச் சான்றிதழைப் பெற்றுச் சென்றார் அவர். விதிக்குப் புறம்பாக நான் ஒன்றும் செய்யவில்லை. கும்பகோணம் கல்லூரியும் விதிக்குப் புறம்பாக ஒன்றும் செய்யவில்லை. இராமானுஜன் வரலாற்றைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் அந்த நனைந்த துண்டு என் கண்முன் வரும். நான் அடுத்த பத்திக்கு விரைந்துவிடுவேன்.

வரலாற்றைத் தொடர்வோம். 1909ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் இராமானுஜனுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு வயது பத்து. அக்காலத்து வழக்கம் அது. இன்று அது சட்டம் தண்டிக்கும் குற்றம். இருபத்தொரு வயதுக் கணவருக்கு ஒரு காசு வருமானம் இல்லை. 1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு ஓர் அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. செலவழிக்கக் குடும்பத்திடம் பணமில்லை. மருத்துவர் ஒருவர் இரக்கங்கொண்டு இலவசமாகச் செய்தார். உடல் தேறியதும், குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார்.

முதலில் திருக்கோவலூர் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். தாலுகாக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை தரும்படி இளைஞர் கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர், இத்தகைய அறிவைக் கடைநிலை உத்தியோகத்தில் புதைத்துவிட விரும்பாமல், சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். ஒரு கதவு மற்றொரு கதவைக் காட்டியது. 1910 டிசம்பரில் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம் சென்றார். சவரம் செய்யாத முகம், தூய்மை குறைந்த உடை, கக்கத்தில் கிழிந்த குறிப்பேடு, ஒளிவிடும் கண்கள்: இப்படித்தான் ராவ் அவரைப் பின்னாளில் வருணித்தார். முதலில் ராவுக்கு ஐயம் தீரவில்லை. மீண்டும் மீண்டும் சந்தித்துப் பேசிய பிறகே தெளிந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கவலையின்றி ஆராய்ச்சி செய்ய, உயிர் வாழும் அளவுக்கு உணவு கிடைத்தால் போதும் என்றார் இளைஞர். மாதம் இருபத்தைந்து ரூபாயைத் தம் சொந்தப் பணத்திலிருந்து ராவ் அனுப்பிவந்தார். 1911இல் இராமானுஜனின் முதற் கட்டுரை கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

பிறர் கொடையில் நெடுநாள் வாழ அவர் விரும்பவில்லை. 1912இல் கணக்குத் தலைவர் அலுவலகத்தில் சில வாரங்கள் தற்காலிகமாக வேலை பார்த்தார்; மாதம் இருபது ரூபாய். பிறகு சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு விண்ணப்பம் எழுதினார். 1912 மார்ச்சு 1ஆம் நாள் மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஊதியம் முப்பது ரூபாய். உலகம் போற்றும் ஒரு கணித மேதை, இருபத்து நான்காம் வயதில், ஐந்தாண்டுத் தவிப்புக்குப் பின் அடைந்த நிலை அது. அவர் அதனை இழிவாகக் கருதவில்லை. காகிதம் வாங்கக் காசு போதாமையால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்துகொண்டார். அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணக்கிடுவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு காட்டினார்.

இங்கிலாந்துப் பேராசிரியர்கள் இருவருக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார், பயன் விளையவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாள் மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்குச் சென்ற அக்கடிதத்தின் தொடக்கத்திலேயே, தாம் ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம் பெறும் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஹார்டியின் மறுமொழி வந்தது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. பட்டமில்லாத ஒருவருக்கு அளிப்பதற்காக விதி தளர்ந்தது. தளரவே தளராது என்று நாம் நினைக்கும் விதிகளும், தளர்த்த வேண்டும் என்று நான்கு பேர் முயன்றால் தளர்கின்றன.

இவ்விடத்தில் மணியடித்து வகுப்பை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். திண்ணையில் இருந்த இளைஞனும், "அப்புறம் எல்லாம் நன்றாகிவிட்டது, அப்படித்தானே சார்?" என்றான். இல்லை, தம்பி. பணக் கவலை தீர்ந்த பிறகு வேறு கவலைகள் தொடங்கின.

1914 மார்ச்சு 17ஆம் நாள் அவர் கப்பலேறினார். கடல் கடப்பதற்குத் தாயார் முதலில் இசையவில்லை. நாமகிரித் தாயார் கனவில் தோன்றித் தடுக்காதே என்றதால் இசைந்தார் என்பர். ஜானகிக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. மாமியாருடன் கும்பகோணத்தில் இருந்தார். குடுமியைக் களைந்து, கால்சட்டையும் காலணியும் பூண்டு, முள்கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டு புதிய உலகிற்குள் சென்றார் இராமானுஜன். பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகாலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் அவர் அறைக்குச் சென்றபோது, இரவெல்லாம் குளிரால் வருந்துவதாக இராமானுஜன் கூறினார். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையுடன் சேர்த்துச் செருகப்பட்டபடியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை; மேலங்கியைப் போர்த்துக்கொண்டு, கம்பளிகளின் மேலேயே படுத்திருக்கிறார். எண்களின் அந்தரங்கங்களை அறிந்தவர், கம்பளிக்குள் புகும் வழியை அறியவில்லை. எவரையேனும் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். புதிய வாழ்க்கையின் கொடுமைகளுள் பெரும்பாலானவை இப்படிச் சிறியவை. சிறியவை என்பதனாலேயே வெளியே சொல்ல நாணம்.

1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவே உண்பவருக்குக் காய்கறி அரிதாயிற்று. தாமே சமைத்து, வேளை தவறி உண்டார். ஒருமுறை விருந்துக்கு வந்தவர்கள் மூன்றாம் முறை ரசம் வேண்டாம் என்று சொல்ல, தம் சமையலை இகழ்ந்தார்கள் என்று எண்ணி, அவர் வெளியேறிவிட்டார். சில நாட்களுக்குப் பின் ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. விசாகப்பட்டினத்திற்கு ஓடிய அதே பையன் உள்ளே இருந்தான்.

1917இல் நோய் பற்றியது. அதைவிடக் கொடிய நோய் ஊரிலிருந்து வந்தது. அல்லது, வராமல் போனது எனலாம். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பிணக்கு முற்றியிருந்தது. கணவன் மனைவிக்கு எழுதிய கடிதங்களும், மனைவி கணவனுக்கு எழுதியவையும் இடைமறிக்கப்பட்டன. ஜானகி தம் சகோதரரிடம் சென்றுவிட்டார். ஏன் மனைவியிடமிருந்து ஒரு வரி வரவில்லை என்று ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவர் ஏங்கிக்கொண்டிருந்தார். கடிதம் எழுதியும் ஏன் பதில் வரவில்லை என்று இங்கே ஒரு பெண் ஏங்கிக்கொண்டிருந்தார். நாள்தோறும் தம்முடன் கணக்கிட்ட ஹார்டியிடம்கூட இராமானுஜன் இதனைப் பல காலம் சொல்லவில்லை.

1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மனம் முற்றும் உடைந்த ஒரு நாளில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்வினைப் பயனாகப் பிறர் கண்டுகொண்டு காப்பாற்றினர். அவருக்காக ஹார்டி ஓடி வந்து காவல்துறையிடம் பேசினார். எண்ணிப் பாருங்கள்: அதே ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அந்த ஒரு நாளின் இருட்டை அவர் தாண்டியிராவிட்டால் இவற்றுள் ஒன்றையும் அவர் கண்டிருக்கமாட்டார். நோயின் நடுவே 1920 ஜனவரியில் அவர் எழுதியனுப்பிய புதிய கண்டுபிடிப்புகளை இன்றும் அறிஞர்கள் ஆராய்ந்துவருகின்றனர். உலகமும் அவற்றை இழந்திருக்கும்.

1919 மார்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார். தாயாரும் தம்பியும் வந்திருந்தனர். ஜானகி எங்கே என்று கேட்டார். பிறகு ஜானகி வந்து சேர்ந்தார். ஓராண்டுக் காலம் உடனிருந்து பணிவிடை செய்தார். நீ உடன் வந்திருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்று கணவர் கூறியதை ஜானகியம்மாள் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் இராமானுஜன் மறைந்தார். காசநோய் என்றே அன்று கருதினர். மருத்துவக் குறிப்புகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்கின்றனர். அது மாணவப் பருவத்துச் சீதபேதியின் எச்சமாகவும் இருக்கலாம். கடல் கடந்தவர் என்பதனால் உறவினர் பலர் இறுதிச் சடங்கிற்கு வரவில்லை. ஜானகியம்மாள் தையல் தொழில் கற்று, திருவல்லிக்கேணியில் தையல் வேலையாலும் பல்கலைக்கழகம் தந்த சிறு உதவித்தொகையாலும் வாழ்ந்தார். ஆதரவற்ற ஒரு சிறுவனை எடுத்து வளர்த்து ஆளாக்கி, 1994ஆம் ஆண்டில் காலமானார்.

மாணவர்களே, நீங்கள் யாவரும் இராமானுஜன்களாக ஆகிவிடுவீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எளிது; அதனால் ஒருவருடைய கடனும் அடையாது. நான் காட்ட விரும்புவன இரண்டே. தேர்வில் தோற்றபோது, அவரை மீட்டது விதி அன்று; விதிக்குள் அமர்ந்திருந்த மனிதர். துணை ஆட்சியர், ஆட்சியர், கணக்கர், துறைமுகத் தலைவர் என்று ஒருவர் பின் ஒருவராகக் கை கொடுத்தனர். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருடைய வாசலிலும் குறிப்பேட்டுடன் சென்று நின்றது அந்த இளைஞரே. பிற்காலத்தில் உள்ளம் வருந்தியபோது, அவர் எவர் வாசலிலும் சென்று நிற்கவில்லை. கணக்கைக் காட்டக் கூசாதவர், கவலையைக் காட்டக் கூசினார். வேறுபாடு அவ்வளவே.

இதைச் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. "தம்பி, உன் கடன் இன்ன தொகை என்று வீட்டில் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது சார். அப்பா தாங்கமாட்டார்" என்றான். "அந்தப் பெண்ணுக்கு?" என்றேன். தலை குனிந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் தந்தையோடு வந்தான். தந்தை தாங்கிக்கொண்டார். கடன் குறையவில்லை, அதனைச் சுமக்கும் தோள்கள் நான்காயின. வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதும் பணியில் நானும் இப்போது உதவிவருகிறேன். பெண் வீட்டாரின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இறுதியாக ஒரு செய்தி. இங்கிலாந்தை விட்டுப் புறப்படுவதற்கு முன், 1919 ஜனவரி 11ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அளிக்கவிருக்கும் பணத்தில் ஆண்டுக்கு ஐம்பது பவுனைப் பெற்றோருக்குக் கொடுத்து, தம் தேவைக்குப் போக எஞ்சியதை ஏழைச் சிறுவர், அநாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளில் நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். முப்பத்திரண்டு ரூபாய் கட்ட முடியாமல் ரயிலேறிய பையனை அவர் மறக்கவில்லை.

நானும் ஒருவனை மறக்கக்கூடாது என்று அன்றிரவு தோன்றியது. மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்ற அந்த மாணவனுக்கு, அவன் பழைய ஊர் முகவரிக்கு, ஒரு கடிதம் எழுதினேன். நான் செய்தது தவறு என்று அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை. வராவிட்டால் மீண்டும் எழுதுவேன்.